இடது கை

கல்யாண வீட்டில் எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பார்கள். தேய்ப்புக்காரர் மாப்பிள்ளையுடைய கோட்டின் முதுகைப் பார்ப்பார். “இடுப்புக்கு மேல ஒரு சுருக்கம் நிக்குது பாரு. எவனோ அவசரத்துல இழுத்து விட்டிருக்கான்” என்று மனைவியின் காதைக் கடிப்பார். “சாப்பிட வந்தோமா, சுருக்கம் எண்ண வந்தோமா?” என்று அவள் முழங்கையால் இடிப்பாள். என்ன இடித்தாலும் வீடு வந்து சேரும்வரை அந்தச் சுருக்கம் அவர் கண்ணைவிட்டுப் போகாது. விசேஷ உடுப்புகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் இருபத்திரண்டு வருஷம் துணி தேய்த்தவர். கடையில் அவருக்குப் பட்டப் பெயரே ‘சுருக்கம்’ என்பதுதான். “சுருக்கத்தைக் கூப்பிடு” என்றால் அவர் வந்து நிற்பார்.

அப்படிப்பட்ட கை சொந்த அக்காவுக்குச் செய்த காரியம் இருக்கிறதே, அதை அவர் இன்றுவரை வெளியில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

முதலாளி கடையை ஊருக்கு வெளியே ஒரு பெரிய கட்டடத்துக்கு மாற்றியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. போவதற்கு இரண்டு பஸ், வருவதற்கு இரண்டு பஸ். ஒரு மாதம் அலைந்து பார்த்தார். முட்டி வீங்கிக்கொண்டது. முதலாளி இரக்கப்பட்டு, “நீ வீட்டிலேயே செய்யேன்யா. காலையில வண்டியில உடுப்பு வரும், சாயங்காலம் வண்டியே வந்து எடுத்துக்கும்” என்று சொல்லி, கடையிலிருந்த பழைய ஸ்டீமர் ஒன்றையும் ஏற்றி அனுப்பினார். கீழே தண்ணீர்த் தொட்டி, நடுவே ஒரு கம்பம், தொட்டியிலிருந்து கிளம்பும் நீளமான குழாய், குழாய் முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாய். வேலைப்பாடு செய்த பட்டுத் துணியிலும், மணி கோத்த கவுனிலும் இஸ்திரிப் பெட்டியை வைக்க முடியாது. வைத்தால் நூல் கருகும், மணி உருகும். நீராவி காட்டித்தான் நீவ வேண்டும்.

ஸ்டீமர் வந்துவிட்டது. வைக்க இடம்?

வீடு அவருடையது இல்லை. அக்கா வீடு. இன்னும் சரியாகச் சொன்னால், அத்தான் கட்டிய வீடு. அத்தான் பஸ் டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் டியூட்டி முடிந்து வந்தார். யூனிபார்ம் சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினார். முகம் கழுவப் போனவர் குளியலறையிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. குழந்தை இல்லாத வீடு. பத்து நாள் கழித்து அக்கா தம்பியைக் கூப்பிட்டாள். “வாடகை வீட்டுல ஏன்டா கிடக்கறீங்க? ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுராவே இருக்கு.” அன்று வந்தவர்கள்தான்.

முன்னறையில் கட்டில் போட்டதும் நடக்க வழியில்லை. சமையல்கட்டில் எண்ணெய்ப் புகை. பின்பக்கம் வெளியில் வைத்தால் தூசி. தரையைத் தொடாமல் ஒரு கல்யாண கவுன் தொங்க வேண்டுமென்றால் ஆறரை அடி உயரம் வேண்டும், நாலு பக்கமும் அடைப்பு வேண்டும். அப்படி ஓர் இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அக்காவின் அறையில், சுவரோடு சுவராகக் கூரைவரை கட்டிய அலமாரி.

“நீங்களே கேளுங்க” என்றாள் மனைவி. “நான் கேட்டா, வந்தவ வீட்டைப் பிடிக்கிறான்னு ஆகும்.”

“அக்கா அப்படி நினைக்கிற ஆளா?”

“நினைக்க மாட்டாங்க. அதனாலதான் நீங்க கேளுங்கங்கறேன்.”

அக்கா சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இவர் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு சுற்றி வளைத்து, கவுன் நீளம், கூரை உயரம் எல்லாம் பேசி முடிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

“எடுத்துக்கயேன்டா. இதுக்கு ஏன் இவ்வளவு சுத்தி வர்றே? என் துணி ஒரு பெட்டிக்குள்ள அடங்கிடும்.”

“அத்தானோட சட்டை ஒண்ணு அதுல தொங்குதே…”

அந்த இடத்தில் மட்டும் அவள் கை நின்றது. “அது இருக்கட்டும். அதைத் துவைக்க வேண்டாம், பெட்டியில போட வேண்டாம், மடிக்க வேண்டாம். ஒரு கோடியில அதுபாட்டுக்குத் தொங்கட்டும். உனக்கு இடம் பத்துமில்ல?”

“தாராளமாப் பத்தும்க்கா.”

அவள் சொன்ன மூன்றில் அவர் காதில் தங்கியது ‘மடிக்க வேண்டாம்’ என்பது மட்டும்தான். ஏனென்றால் அந்தச் சட்டையை அவர் முன்பே பார்த்திருக்கிறார், தொழில்காரன் கண்ணால் பார்த்திருக்கிறார். நீலச் சட்டை. முதுகில் சீட்டு அழுத்திய குறுக்குக் கோடுகள் ஐந்தாறு. வலது முழங்கையில் ஸ்டீயரிங் பிடித்த மடிப்பு. இடது கையில்தான் விசேஷம். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கியர் போட்டு மடங்கி நிமிர்ந்த கை அது. முழங்கையைச் சுற்றி வளையம் வளையமாக, அடுக்கடுக்காக, இப்போதுதான் யாரோ கையை உருவிக்கொண்டு போனதுபோல் சுருக்கங்கள். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்ததும் அக்கா அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, எதையோ தேடுவதுபோல் ஒரு நிமிஷம் நிற்பாள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அத்தான் உட்கார்ந்த கோடுகளைத்தான் பார்க்கிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். சுருக்கத்தைத் தவிர வேறு எதைப் பார்க்கத் தெரியும் இவருக்கு?

மறுநாளே வேலை தொடங்கியது. தட்டுகளைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினார். குறுக்கே இரும்புக் குழாய் மாட்டினார். மரம் ஊறாமலிருக்க உள்பக்கம் முழுக்கக் கனமான பிளாஸ்டிக் தாளை ஒட்டினார். சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு தகரத் தட்டு. கரண்ட் வேலைக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“இதுக்குள்ள என்ன, குளிக்கப் போறீங்களா?”

“துணியைக் குளிப்பாட்டப் போறேன். சுடு தண்ணி மிஷின் இழுக்கற அளவு கரண்ட் இழுக்கும். பெரிய பிளக் வேணும்.”

“பிளக் வெளிய வெக்கறேன். உள்ள வெச்சா துணிக்குச் சுருக்கம் போகுதோ இல்லையோ, உங்களுக்குப் போயிடும்.”

“மேல ஒரு ஓட்டை போட்டு சின்ன ஃபேன் வெச்சுடுங்க. ஆவி உள்ளயே சுத்தினா துணி நனைஞ்சுடும்.”

“அண்ணே, அலமாரிக்கு ஃபேன் போட்ட முதல் ஆளு நீங்கதான். எங்க வீட்டுல எனக்கே ஃபேன் ஓடல.”

அக்கா அவர்கள் இருவருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள். துளை போட்ட மரத்தூளை அவளே கூட்டி அள்ளினாள். “அடேயப்பா, ஒரு ரூமே ஆயிடுச்சு” என்று சிரித்தாள். தன் அறையில் பாதி போய்விட்டதே என்று ஒரு சொல் இல்லை.

சட்டையை என்ன செய்வது என்று தேய்ப்புக்காரர் நிறைய யோசித்தார். தினமும் நீராவி அடிக்கும் இடத்தில் வெறுமனே தொங்கவிட்டால் ஈரம் பட்டுக் கோடுகள் தளர்ந்துவிடும். கடையிலிருந்து உடுப்புகள் நீளமான வெள்ளை உறைகளில்தான் வரும். அதில் ஒன்றை எடுத்து, அத்தானின் சட்டைக்குப் போட்டு, மேல்வரை ஜிப்பை இழுத்து மூடினார். நோகாமல், குழந்தைக்குப் போர்த்துவதுபோல் செய்தார். சட்டையைக் குழாயின் கடைக்கோடியில் மாட்டினார். அந்த அக்கறைதான் அவரைக் கவிழ்த்தது.

முதல் நாள் வண்டியில் ஏழு உடுப்புகள் வந்தன. ஏழும் வெள்ளை உறையில். உறையோடே குழாயில் வரிசையாக மாட்டினார். வடிகட்டிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார், உப்புத் தண்ணீர் ஊற்றினால் வெள்ளையாகத் துப்பும். ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். தொட்டி முதலில் முனகியது, பிறகு கொதித்தது. முதல் ஆவியைப் பழைய துண்டில் விட்டுப் பார்த்தார். குழாய் தொங்காமல் நிமிர்ந்து நிற்கவேண்டும். தொங்கினால் வளைவில் தண்ணீர் தேங்கித் துணியில் எச்சில் மாதிரி விழும். எல்லாம் சரியாக இருந்தது. மேலே ஃபேன் ஓடி ஆவியை அறைக்குள் தள்ளியது.

அன்று அவருக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. பஸ் இல்லை, படிக்கட்டு இல்லை, மேஸ்திரியின் முறைப்பு இல்லை. உறையைக் கழற்று, உள்பக்கமிருந்து ஆவி விடு, இடது கையால் ஓரத்தைப் பிடித்து இழு, திருப்பு, முதுகு, தோள், கை, முடிந்ததை எதிர்ப்பக்கம் தள்ளு, அடுத்த உறையைக் கழற்று. கண் பாதி மூடியிருக்கும். நினைப்பு எங்கோ ஊர் சுற்றும். கை மட்டும் வேலை செய்துகொண்டே போகும். ஏழையும் முடித்தார். முடித்தது அவருக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. எட்டாவது உறையைக் கழற்றியது.

முதுகில் இரண்டு இழுப்பு. ஐந்தாறு கோடுகளும் தண்ணீரில் போட்ட உப்பு மாதிரி கரைந்தன. தோள். காலர். வலது கை, மேலிருந்து கீழே ஒரே நீவல். இடது கைக்கு வந்து கஃப் பட்டனைப் பிடித்தார். பட்டன் விரலில் உறுத்தியது. மற்ற பட்டன்கள் நீலம், இது கறுப்பு. கறுப்பு நூலால் நாலு தையல் போட்டுத் தைத்தது. அக்கா தைத்தது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி நிற்பானோ அப்படி நின்றார். குழாயின் வாயில் ஆவி வந்துகொண்டே இருந்தது. சமையல்கட்டின் பக்கம் காதைக் கொடுத்தார். அக்கா உள்ளேதான் இருந்தாள், சத்தம் ஒன்றும் இல்லை. மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

இதுவரை நடந்ததைத் தவறு என்று சொல்லலாம். கை தவறியது, பழக்கதோஷம், உறை ஏமாற்றியது. யாரும் மன்னிப்பார்கள். பிறகு செய்ததற்கு அந்தப் பெயரெல்லாம் கொடுக்க முடியாது.

இடது கை மட்டும் அப்படியே இருந்தது. வளையம் வளையமாக, உயிரோடு. மற்றதெல்லாம் சப்பையாகத் தொங்க, அந்த ஒரு கை மட்டும் எழுந்து நின்று, ‘பார், என்ன செய்திருக்கிறான் பார்’ என்று கூப்பிடுவதுபோல் இருந்தது. உறையைத் திறந்த மாத்திரத்தில் அக்கா கண்ணில் படும். அதையும் நீவிவிட்டால்? மூன்று வருஷத்துச் சட்டை, அலமாரியில் ஈரம், கோடுகள் தானாகவே தளர்ந்துவிட்டன என்று அவளே நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது. இவ்வளவையும் அவர் யோசித்தார். யோசிக்க நேரம் இருந்தது. யோசித்துவிட்டு, கஃபைப் பிடித்து இழுத்து, இடது கையையும் நீவினார். அதைத் தேய்த்தது தொழிலும் இல்லை, பழக்கமும் இல்லை. அவரேதான்.

உறையை மறுபடி போட்டு ஜிப்பை இழுத்தார். ஜிப் இரண்டு தடவை மாட்டிக்கொண்டது.

அன்று மத்தியானச் சோறு அடிப்பிடித்திருந்தது. “அண்ணி, உங்க கைக்குக்கூடவா தீயும்?” என்று மனைவி கேலி செய்தாள். “ஏதோ ஞாபகம்” என்றாள் அக்கா. தேய்ப்புக்காரர் தட்டைவிட்டுத் தலையை எடுக்காமல் தீய்ந்த சோற்றையே தின்றார்.

மறுநாள் காலை அக்கா குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தாள். உறையின் ஜிப் இறங்கும் சத்தம் கேட்டது. முன்னறையில் இவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஜிப் ஏறியது. கதவு மூடிக்கொண்டது. அக்கா வந்தாள், “டீ போடட்டுமாடா?” என்றாள். அவ்வளவுதான்.

இப்படியே நான்கு நாள். தினமும் திறப்பாள், வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்பாள், மூடுவாள், டீ போடட்டுமா என்பாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இவர் பிழைத்திருப்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, இவருக்கு நெஞ்சோடு நிற்கவில்லை. அவள் இன்னொரு கரண்டி சோறு போட வந்தால் தட்டை இரண்டு கையாலும் மூடினார். யார் கட்டிய வீட்டில், யார் கொடுத்த அலமாரியில், யார் சட்டையை! உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

மூன்றாம் நாளே மனைவி பிடித்துவிட்டாள். “என்ன ஆச்சு உங்களுக்கு? நேத்து அந்த வெள்ளை கவுன்ல ஒரு சுருக்கத்தை விட்டுட்டீங்க. நானே பார்த்தேன். உலகம் அழியப்போகுதா?”

சொன்னார். உறை, எட்டாவது, கை தவறியது, எல்லாம் சொன்னார். இடது கையைச் சொல்லவில்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ. போய்ச் சொல்லிடுங்க. இப்பவே போய்ச் சொல்லுங்க. நானும் கூட வர்றேன்.”

“நாளைக்குச் சொல்றேன்.”

“நாளைக்கு, நாளைக்குன்னா நாறிடும். அவங்க தெரிஞ்சிக்கிட்டுக் கேக்கறது வேற, நீங்களாப் போய்ச் சொல்றது வேற.”

“அவளுக்குத் தெரியலடி. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பா.”

“தெரியாம என்ன? அவங்க கண்ணு என்ன பொட்டையா?”

அவருக்குத் தூக்கம் போய், பசி போய், கடைசியில் புத்தியும் போனது. சொல்வதைவிடச் சரி செய்வது நல்லது என்று தோன்றிவிட்டது. கெட்டுப்போன துணியைச் சரி செய்துதானே இருபத்திரண்டு வருஷம் பிழைத்தார்? சுருக்கத்தை எடுக்கத் தெரிந்தவனுக்கு வைக்கத் தெரியாதா? அக்கா இல்லாத நேரத்தில் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். தொப்பை இடித்தது. கோடுகள் தப்பான இடத்தில் விழுந்தன. அப்போதுதான் ‘ஜோடி’யின் நினைப்பு வந்தது.

ஜோடி என்பவர், அத்தானோடு பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸை மாற்றி மாற்றி ஓட்டிய இன்னொரு டிரைவர். காலை ஷிப்ட் இவர் என்றால் மாலை அவர். டிப்போவில் இரண்டு பேரையும் சேர்த்து ஜோடி என்றே கூப்பிடுவார்கள். ஒருவர் போனபிறகும் இவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அத்தானைப் போலவே ஒல்லி, அதே உயரம்.

ஐந்தாம் நாள் காலை, அக்கா அலமாரியை மூடியபின், சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனார். ஜோடி பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துணியைத் தோளில் போட்டார்.

“என்னய்யா பேசறே நீ? செத்தவன் சட்டையை நான் போட்டுக்கிட்டு ஓட்டறதா?”

“ஒரே ஒரு ஷிப்ட்டுண்ணே. சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கறேன்.”

“உங்க அக்காகிட்ட உண்மையைச் சொல்லிட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்.”

“சொல்ல முடிஞ்சா உங்ககிட்ட ஏன்ணே வர்றேன்?”

ஜோடி அவர் முகத்தைப் பார்த்தார். தூங்காத கண், சவரம் செய்யாத தாடை. “அவரு எனக்கு நிறைய செஞ்சிருக்காரு. என் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப என் ஷிப்ட்டையும் சேர்த்து ஒரு வாரம் ஓட்டினாரு. அவரு சட்டைங்கறதால வாங்கறேன். நீ செய்யறது சரின்னு வாங்கல.”

“கியர் போடறப்ப கையை நல்லா மடக்கிப் போடுங்கண்ணே. இடது கையிலதான் அதிகம் விழணும்.”

“போய்யா! எனக்கே கியர் போடச் சொல்லித் தர்றான்.”

திரும்பிக்கொண்டு பட்டனைப் போட்டார். கழுத்துப் பட்டன்வரை வந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஏறி வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, “இன்னிக்கு வெயில் கொன்னுடுச்சுய்யா. வேர்த்துக் கொட்டிடுச்சு” என்று சங்கடப்பட்டார் ஜோடி.

“நல்லதுண்ணே. ஈரம் பட்டாத்தான் கோடு நிக்கும்” என்றார் தேய்ப்புக்காரர்.

சட்டையை ஹேங்கரில் மாட்டிப் பார்த்தார். முதுகில் ஐந்து குறுக்குக் கோடு. வலது முழங்கையில் ஒரு மடிப்பு. இடது கையில் வளையம் வளையமாக, அடுக்கடுக்காக. அத்தானே கழற்றி மாட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த நேரத்தில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாலு நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். “சொல்லிட்டீங்களா?” என்று மனைவி கண்ணால் கேட்டாள். “எல்லாம் சரியாயிடுச்சு” என்றார்.

காலையில் அக்கா குளித்துவிட்டு வந்தாள். ஜிப் இறங்கியது. “ஆ” என்று ஒரு சின்னச் சத்தம், தொலைந்துபோன பொருள் கிடைத்தால் வருமே, அப்படி. தேய்ப்புக்காரர் பேப்பருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கதவு படாரென்று மோதியது. அக்கா விடுவிடுவென்று முன்னறையைக் கடந்து குளியலறைக்குள் போனாள். தண்ணீர் விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது. மூன்று தடவை முகம் கழுவினாள்.

“இங்க வாடா” என்று அறையிலிருந்து கூப்பிட்டாள்.

போனார். மனைவியும் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றாள். அக்கா சட்டையைக் கட்டிலின்மேல் எறிந்திருந்தாள். நெற்றியிலும் கன்னத்திலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

“இதை யாருக்குக் குடுத்தே?”

“அக்கா…”

“யாருக்குடா குடுத்தே?”

“ஜோடிக்கு. ஒரு ஷிப்ட் போட்டுக்கிட்டாரு. அந்தக் கோடெல்லாம் திரும்ப வரணும்னு…”

“கோடா?” அக்காவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. “எந்தக் கோடு?”

“அத்தான் உட்கார்ந்த கோடு. முழங்கை மடிப்பு. நீ தினம் அதைத்தானே பார்ப்பே?”

“அடப்பாவி.” மெதுவாகத்தான் சொன்னாள். “கண்ணால பார்க்கறதுக்காடா நான் அதுக்குள்ள தலையை விட்டேன்? உறையைத் திறந்தேன். அந்தக் கை மடங்கி நிக்குது. ஒரு நிமிஷம் நான் நம்பிட்டேன், பைத்தியக்காரி. திரும்ப வந்துடுச்சுன்னு நினைச்சு மூஞ்சியைக் கொண்டுபோய் வெச்சேன். யாரோ ஒரு ஆம்பளை வேர்வை. வேற எவனோட வேர்வையிலயோ என் மூஞ்சியை வெக்க வெச்சுட்டேடா.”

தேய்ப்புக்காரர் தரையில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷமாகத் துணியைக் கையால் தொட்டார், கண்ணால் பார்த்தார். ஒரு தடவைகூட முகர்ந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. துவைக்க வேண்டாம் என்று அவள் வாய்விட்டே சொல்லியிருந்தாள்.

“முதல் நாள் கை தவறிப் போச்சுக்கா. உறை போட்டிருந்ததால கடை உடுப்புன்னு நினைச்சு ஸ்டீம் விட்டுட்டேன். உன்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு…”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீ ஸ்டீம் விட்டது. அன்னிக்கே தெரியும். நான் அடுப்புகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். அவரு வந்தாரு.” அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “டியூட்டி முடிஞ்சு வந்து சட்டையைக் கழட்டறப்ப ஒரு வாசனை வரும். டீசல், வேர்வை, தலைக்கு வெக்கற எண்ணெய், எல்லாம் கலந்து. மூணு வருஷமா அதுல ஒரு நூலு, ஒரு நூலுன்னு எடுத்துக்கிட்டிருந்தேன். தீர்ந்துடுமோன்னு ஒரு நிமிஷத்துக்கு மேல நிக்க மாட்டேன். அன்னிக்கு வீடு முழுக்க வந்துடுச்சு. செவுரு செவுரா வந்து நின்னாரு.”

நிலைப்படியில் மனைவி அழ ஆரம்பித்தாள்.

“நீயா வந்து சொல்லுவேன்னு காத்திருந்தேன்டா. தினம் அந்தக் கதவைத் திறந்துவெச்சுக்கிட்டு நின்னேன். நீ பேப்பர் படிச்சே. சொல்லியிருந்தா உன்னைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன். திட்டியிருக்க மாட்டேன். போனாலும் அப்படி ஒரு தடவை வந்துட்டுத்தானே போனாருன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

இந்த இடத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். அவள் பாதி மன்னித்துவிட்டாள். ஆனால் ஐந்து நாளாக வயிற்றுக்குள் கிடந்தது அவரைக் கேட்காமலே வெளியே வந்தது.

“இன்னொண்ணு இருக்குக்கா. நான் பார்த்துட்டேன். பாதியிலயே பார்த்துட்டேன். நீ தெச்ச கறுப்பு பட்டன் கையில பட்டுச்சு. அப்ப இடது கை பாக்கி இருந்துச்சு. ஆவி படவே இல்லை. தெரிஞ்சேதான் அதையும் நீவினேன். ஒரு கை மட்டும் வித்தியாசமாத் தெரிஞ்சா நீ கண்டுபிடிச்சிடுவேன்னு.”

அக்கா கட்டிலில் கிடந்த சட்டையின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜோடியின் மடிப்புகள் அதில் அழகாக நின்றன.

“ஒரு கை மிச்சம் இருந்துச்சா?” என்று கேட்டாள். சின்னக் குழந்தை கேட்பதுபோல் கேட்டாள். “முழுசா?”

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். வாயில் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார்மேல் ஆத்திரம் என்று தெரியாமல் அவள்மேலேயே பாய்ந்தார்.

“நீ ஏன்க்கா சும்மா இருந்தே? அடுப்புகிட்டதானே நின்னே, வாசனை வந்ததுமே தெரிஞ்சுதில்ல? ‘டேய்’னு ஒரு சத்தம் போட்டிருந்தா நிறுத்தியிருப்பேனே. அந்தக் கையாவது தப்பிச்சிருக்குமே. ஏன் கத்தல நீ?”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் போயிருந்தது.

“கத்தணும்னா மூச்சை வெளிய விடணுமேடா” என்றாள். “நான் உள்ள இழுத்துக்கிட்டிருந்தேன்.”